கண்ணுக்குள் ஐந்து தையல்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்துவிட்டு டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். புரை முற்றிக் கல்போல ஆகியிருந்ததால் பெரிதாகத் திறந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது, அதனால் கண்ணில் ஐந்து தையல் போட்டிருக்கிறது என்பது ஒன்று. கசக்கினாலோ இடித்துக்கொண்டாலோ தையல் விட்டுவிடும், விட்டால் சீழ் பிடிக்கும், உங்களுக்கு இருப்பதே இந்த ஒரு கண்தான் என்பது இன்னொன்று. நான் தலையாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அதுவரைக்கும் வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் ஒரு நாள்கூட எழுந்து நின்றதில்லை.

வலது கண் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போன இடத்தில் ஓர் இலையின் விளிம்பு கருவிழியில் கோடு கிழித்தது. கூட வேலை செய்தவர்கள் கேட்டபோது பரவாயில்லை என்றேன். வீட்டுக்காரர் கேட்டபோதும் பரவாயில்லை என்றேன். ஒரு வாரம் முந்தானையால் ஒற்றி ஒற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கண் வெளுத்துவிட்டது.

அது தெரிந்தும், இடது கண்ணில் புரை விழுந்ததை மூன்று வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். என் சொந்த அண்ணன் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். கரண்ட் மீட்டர் எழுத வந்தவர் என்று நினைத்து மீட்டர் பெட்டி இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். அவர் கோபித்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். மருமகள்தான் என் முகத்தின் எதிரே விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னாள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மகன் கூட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்ததும் தெருவில் இருந்தவர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். தையல் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

"கண்ணுல எங்கனா தையல் போடுவாங்களா?"

"இன்னா நூலாம்? கோணி தெக்கிற மாதிரியா?"

தெற்குத் தெரு அக்கா மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். எங்கள் பக்கத்தில் அறுப்புக் காலத்தில் கண்ணில் உமியோ தூசியோ விழுந்துவிட்டால் அவளிடம்தான் ஓடுவார்கள். வாயை வெந்நீரில் கொப்பளித்துவிட்டு, இமையை இரண்டு விரலால் விரித்து, நாக்கு நுனியால் ஒரு தடவு தடவுவாள். அவ்வளவுதான். உள்ளங்கையில் துப்பிக் காட்டினால் உமி அதில் ஒட்டியிருக்கும். அதற்குக் காசு வாங்கமாட்டாள். வெற்றிலை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.

"எத்தினி பேரு கண்ண தொறந்து பாத்துருக்கேன். நான் பாக்காத எடமா?" என்றாள் அக்கா. "அதுல தையல் போட எடம் ஏதுடி. சொம்மா பயம் காட்டி வெப்பாங்க. அப்பதான் நாம கசக்காம இருப்போம்."

நானும் பாதி நம்பினேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தையல் மேல் இமைக்கு உள்ளே மறைந்திருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இருக்கிறதோ இல்லையோ, இருக்கிறது என்றே நடந்துகொள்வது. ஒரு கண்ணைப் பரவாயில்லை என்று சொல்லியே தொலைத்தாயிற்று. இதைத் தொலைக்கக்கூடாது.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை. மருமகள் போடுகிறேன் என்றாள். அவளுக்கு மாடு, சமையல், பிள்ளைகள் என்று ஆயிரம் வேலை. ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. நானே கற்றுக்கொண்டேன். முதல் நாள் சொட்டு கன்னத்தில் விழுந்தது, காதில் விழுந்தது, ஒரு தடவை மூக்குக்குள் போய் நாக்கில் கசந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டிலில் தலையணை இல்லாமல் படுத்து, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துக் கிண்ணம் மாதிரி செய்துகொண்டு, கூரையில் தொங்குகிற ஃபேனின் நடுக் குமிழைப் பார்த்தால் சொட்டு தவறாது. மணி பார்க்க முடியாத நாட்களில் நேரத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள் தெருவில் போகும்போது முதல் சொட்டு. பள்ளிக்கூடத்து வேன் வந்து நிற்கும்போது இரண்டாவது. இப்படியே ஆறுக்கும்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூடாது என்பதற்காக முதுகுக்குப் பின்னால் பழைய புடவை மூட்டையை அண்டக் கொடுத்துக்கொண்டேன். குனிந்து பெருக்கவில்லை. குடம் தூக்கவில்லை. மிளகாய் தாளிக்கும்போது தும்மல் வரும் என்பதால் மருமகள் எண்ணெய் காயும்போதே "அத்த, வெளிய போ" என்று குரல் கொடுப்பாள். நான் எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை வந்தால் தலை அரிக்கும். தலைக்கு ஊற்றிக்கொள்ளக்கூடாது. ஈரத் துணியால் பின்மண்டையை மட்டும் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூன்றாவது வாரம் தெருவில் ஒரு சாவு விழுந்தது. எங்களில் பெண்கள் போனால் கட்டிப்பிடித்துத் தலையோடு தலை முட்டி அழ வேண்டும். வந்து தலை முழுக வேண்டும். இரண்டும் எனக்கு ஆகாது. போகவில்லை. "தையலாம், கண்ணுல தையலாம்" என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாவுக்குப் போகாமல் இருந்தேன். அது எனக்குத் தலை அரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்படி ஐந்து வாரம் போனது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தார் ரோட்டில் காயப்போட்ட நெல்லுக்குக் காவலாக வேப்பமரத்தடியில் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆடு வந்தால் கோலை ஆட்டுவேன், அவ்வளவுதான் வேலை. அங்கேதான் குத்தல் தொடங்கியது. ஒரு லாரி போனது, தூசி கிளம்பியது, கண்ணில் ஏதோ உறுத்தியது. உமி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். இமைக்கும்போதெல்லாம் குத்தியது. கண்ணீர் வழிந்தது. அன்றைக்கும் மறுநாளும் யாரிடமும் சொல்லவில்லை. தானாக வந்துவிடும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் கண் சிவந்திருப்பதை மருமகளே பார்த்துவிட்டாள்.

"உமிதான் அத்த. நெல்லாண்ட உக்காராதன்னா கேக்கறியா?" என்று சொல்லிவிட்டு, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத் தெற்குத் தெருவுக்கு ஆள் அனுப்பினாள்.

அக்கா வெயில் இருக்கும்போதே வந்துவிட்டாள். வாசலில் ஸ்டூல் போட்டு என்னை மேற்கே பார்க்க உட்கார வைத்தார்கள். அவள் வெந்நீர் கேட்டு வாங்கி வாய் கொப்பளித்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயிருந்தது. ஆனால் அவள் வயதில் மூத்தவள், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

நாக்கு ஒரு தடவை பட்டது. ஊசியால் கீறினது மாதிரி இருந்தது. அவள் உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"உள்ள எங்கியோ மாட்டிக்கினு இருக்குது. கீழ பாரு" என்று மேல் இமையை விரலால் தூக்கினாள். இன்னும் கிட்டே குனிந்தாள். பிறகு சிரித்தாள்.

"அடியே, உமி இல்லடி இது. மயிரு. குட்டியூண்டு கறுப்பு மயிரு ஒண்ணு முள்ளு மாதிரி நீட்டிக்கினு நிக்கிது. ஆடாம இரு, நகத்தால புடிச்சி இழுத்தா வந்துடும்."

அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணை நோக்கி வந்தன. அந்த இரண்டு விரலையும் இப்போதும் என்னால் பார்க்க முடியும். மஞ்சள் கறை படிந்த நகம். டாக்டரம்மா தையல் என்று சொன்னபோது நான் வெள்ளை நூலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தையல் கறுப்பாக, மயிரைவிட மெல்லியதாக இருக்கும் என்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பிடித்த வேகத்தில் அவள் வளையல் ஒன்று நெளிந்துபோனது.

"அது மயிரு இல்லக்கா. அதான் என் தையலு."

"விடுடி. ஒரு நிமிசத்து வேலை."

"தொடாத."

என்னைவிட மூத்தவர் யாரிடமும் நான் தொடாதே என்று சொன்னதில்லை. அக்கா கையை உருவிக்கொண்டு எழுந்தாள். மருமகள் அவளுக்கு வெற்றிலை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வாங்கவில்லை.

மகன் வயலிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "நாளைக்கி அறுப்பு மெஷினு நம்ம காணிக்கு வருதும்மா. வுட்டா அடுத்த வாரம்தான். மானம் வேற மூட்டமா இருக்குது. நாளன்னிக்கி இட்டுக்கினு போறேன், சரியா?"

சரி என்பதுதான் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொல். "நீ மெஷினப் பாரு. நான் காலைல பஸ்ஸுல போறேன்" என்றேன்.

"தனியாவா? நீ தோ இருக்கிற பாகூருக்கே தனியா போனதில்லியே."

"கேட்டுக் கேட்டுப் போறேன்."

காலையில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றால் தெற்குத் தெரு அக்கா அங்கே இருந்தாள். தலை சீவி, துவைத்த புடவை கட்டி, மடியில் வெற்றிலைப் பையோடு.

"நானும் வரேன்" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "மயிரா தையலான்னு அந்த டாக்டரு எடுக்கும்போது என் கண்ணால பாக்கணும். இத்தினி வருசமா நான் இன்னா பொய்யா கண்ணு பாத்தேன்?"

பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா முன்னால் எட்டிக் கத்தினாள். "யோவ் டிரைவரு, பாத்து ஓட்டுப்பா. இங்க ஒரு அம்மா கண்ண தெச்சி எடுத்துக்கினு வருது. பிரிஞ்சிடப் போவுது." பஸ்ஸே சிரித்தது. எனக்கு இறங்கி நடந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு அப்புறம் டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார். வில்லியனூரில் இறங்கி வேறு பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் என் அட்டையைப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கேம்மா. போட்டிருக்கிற தேதிக்கு வாங்க."

நான் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டு அடிகூட வைத்துவிட்டேன்.

"இன்னாடி திரும்பிட்ட?" என்றாள் அக்கா. "என் கையப் புடிச்சித் தள்றதுக்கு மட்டும்தான் வீரமா? வளையலக் கூட நெளிச்சிட்டா. இங்க வந்து பூன மாதிரி போறா."

வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அவள்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. திரும்பவும் மேசைக்குப் போனேன். "பாப்பா, ஒரு தையலு அவுந்து முனை வெளிய நிக்கிது. நாலு நாளா குத்துது. எனக்கு இந்த ஒரு கண்ணுதான். டாக்டரம்மா பாக்காம நான் போவமாட்டேன்."

குரல் பெரிதாக வந்துவிட்டது போலிருக்கிறது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா. அவசரம்னா தேதியெல்லாம் பாக்க மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே சீட்டு எழுதினாள்.

டாக்டரம்மா என்னைக் கருவியின் முன்னால் உட்கார வைத்தார். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, கீழே பார்க்க வேண்டும். வெளிச்சம் கண்ணுக்குள் கத்தி மாதிரி நுழைந்தது. மேல் இமையைத் தூக்கிப் பார்த்தவர், "ஒரு தையல் தளர்ந்திருக்கு. முனை இமையில உரசுது, அதான் குத்துது" என்றார். பிறகு கேட்டார். "கண்ணுல வேற ஏதாவது ஊத்தினீங்களா? யாராவது கை வெச்சாங்களா?"

அக்கா என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் வெற்றிலை வாசனை எனக்கு வந்தது. இல்லை என்று சொன்னால் அவள் மானம் தப்பும். அவள் என்னோடு இரண்டு பஸ் ஏறி வந்தவள். ஊரில் நாளைக்கும் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஆனால் மருந்து கொடுக்கப்போகிறவருக்கு உண்மை தெரியாவிட்டால் அந்த மருந்து எதற்கு.

"நேத்து சாயங்காலம் ஒருத்தங்க நாக்கால ஒரு தடவ தொட்டாங்க. உமின்னு நெனச்சி. நான்தான் வேணாம்னு சொல்லல."

டாக்டரம்மா கருவியிலிருந்து முகத்தை எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சொன்னது நல்லதாச்சு" என்றார். "வாயில இருக்கிற கிருமி வாய்க்கு ஒண்ணும் பண்ணாது. திறந்த தையல் வழியா உள்ள போனா கண்ணையே எடுத்துடும். இப்ப வரைக்கும் உள்ள சுத்தமா தெரியுது. ஆனா மூணு நாளைக்குத் தினமும் வந்து காட்டணும். மருந்தும் மாத்தித் தரேன், மணிக்கு ஒரு தடவ போடணும்."

மரத்துப்போகிற சொட்டு விட்டு, சின்ன ஊசியால் தளர்ந்த தையலை அறுத்து, இடுக்கியால் உருவினார். வலிக்கவில்லை. ஏதோ ஓர் இழை இழுபட்ட மாதிரி மட்டும் இருந்தது. உடனே குத்தல் நின்றது. நாலு நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகக் குத்தாமல் இமைத்தேன்.

"நான் பாக்கலாமா?" என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா ஒரு வெள்ளைப் பஞ்சில் அதை வைத்து நீட்டினார். அக்கா வெளிச்சத்துப் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பஞ்சை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வெற்றிலைகூடப் போடவில்லை. பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள். "ஒருத்தங்கன்னியே. பேரச் சொல்றதுக்கு இன்னா?"

"கோவமாக்கா?"

"கோவமா இருந்தா இன்னா பண்ணப் போற? கண்ணு போயிருந்தா நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு அந்தத் தெருவுல நடப்பேன். சொன்னதுதான் சரி." கொஞ்சம் கழித்து, "ஆனா வளையலு நெளிஞ்சது நெளிஞ்சதுதான்" என்றாள்.

அந்த மூன்று நாளும் எனக்குப் பெரிய நாட்கள். மணிக்கு ஒரு சொட்டு என்பதால் வேறு நினைப்புக்கே இடமில்லை. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், கைத்தோல் உரியும் அளவுக்கு. வலி வருகிறதா, பார்வை மங்குகிறதா என்று எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மங்கினால் அந்த நிமிஷமே புறப்பட்டுவிடுவது என்று பையில் புடவையும் அட்டையும் எடுத்து வைத்திருந்தேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தனியாகவே பஸ் ஏறிப் போய்க் காட்டினேன். சிவப்பு இறங்கியது. மூன்றாம் நாள் டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, "தப்பிச்சிட்டீங்க" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழலாமா கூடாதா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் போன பிறகும் அறுப்பு முழுசாக முடியவில்லை. ஓரங்களில் ஆள் வைத்து அறுத்தார்கள். அக்காவிடம் கண் காட்ட வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது அவள் வெந்நீர் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறாள் என்று மருமகள் சொன்னாள். "ஆபரேஷன் பண்ண கண்ணா? அப்பிடின்னா எழுந்து போ. நாக்குக்கு ஒண்ணும் தெரியாது."

இன்னும் நாலு தையல் இருந்தன. ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். நீளமான அறையில், எல்லாரும் வரிசையில் நிற்க, எதிரே எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். முன்பெல்லாம் முணுமுணுத்துவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு உரக்க வாசித்தேன். ப. ட. ம. ர. ஐந்தாவது வரி வரைக்கும் எழுத்து தெரிந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் சாய்ந்து நின்றது. அதையும் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு தையல் இறுக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எழுத்து சாய்கிறது, எடுத்துவிட்டால் நேராகும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

"இன்னைக்கே எடுக்கலாமா? இல்ல, யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு வரீங்களா?"

"இன்னிக்கே எடுங்க" என்றேன்.

தாடையைத் தாங்கியில் வைத்தேன். நெற்றியை ஒட்டிக்கொண்டேன். சொட்டு விழுந்தது. ஊசி வருவது மங்கலாகத் தெரிந்தது. கீழே பார்த்தபடி, இமைக்காமல் இருந்தேன்.